அரை மரம்

திங்கட்கிழமை காலை கோயில் மணி அடித்தபோது ரெவெக்கா கழுதைக்குச் சேணம் கட்டி முடித்திருந்தாள். தீவின் மலைச்சரிவில் இருந்த கலோபெத்ரா ஊரில் அந்த மணி அடிக்காமல் எவரும் கரோப் மரத்தில் கம்பு வைக்கக்கூடாது. முந்திக்கொள்கிறவன் தன் மரத்தோடு நிறுத்திக்கொள்வானா, பக்கத்து மரத்து நெற்றையும் உலுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுவான். அதனால் ஊர் கூடி வைத்த கட்டுப்பாடு அது. ஆகஸ்ட் கடைசி வெயில் விடியும்போதே பிடரியில் ஏறியது. மணிச்சத்தம் ஓய்வதற்குள் ஊர் மொத்தமும் கம்பும் சாக்குமாக மலைச்சரிவில் இறங்கிவிட்டது.

அந்த வருஷம் நல்ல காய்ப்பு. தின்றால் இனிக்கிற, கறுத்து மினுமினுத்த நெற்றுகள் கிளைக்குக் கிளை கொத்துக்கொத்தாகத் தொங்கின. ஊரில் முகம் சுளித்தவர் ஒருத்தர்கூட இல்லை. ரெவெக்காவுக்கு மட்டும் எதிலும் மனசு நிற்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் நோசியாவுக்குக் கல்யாணம். அத்தைக்காரி என்ன கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

முடிவாகவில்லை என்று அவளிடமே சொன்னால் சண்டைக்கு வருவாள். மூன்று தடவை முடிவு செய்தவள் அவள். முதலில் தன் தறியில் நெய்த படுக்கை விரிப்பு என்றாள். பெண்ணின் சித்திகள் ஆளுக்கு இரண்டு நெய்து வைத்திருப்பதாகத் தெரிந்தது. பிறகு வெள்ளியில் பன்னீர்ச் செம்பு என்றாள். அதைக் கல்யாணத் தோழி வாங்கியாகிவிட்டது. கடைசியில் பஸ் ஏறித் துறைமுகப் பட்டணத்துக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, கால் வீங்கி, கரண்டில் சூடாகிற இஸ்திரிப்பெட்டி ஒன்றை வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். வாங்கிய அன்றிலிருந்தே அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கூட்டுகிற சாக்கில் இரண்டு தடவை துடைப்பத்தால் இடித்தும் விட்டாள்.

சாதாரண அத்தையாக இருந்தால் இஸ்திரிப்பெட்டி போதும். இவளும் அண்ணன் லோயிசோவும் பேசிப் பதினோரு வருஷமாகிறது. இவர்களுடைய அப்பா சாகும்போது நிலத்தை மகனுக்கும், நிலத்தின் நடுவில் நிற்கிற பெரிய கரோப் மரத்தை மகளுக்கும் எழுதிவிட்டுப் போனார். அந்தத் தீவில் அது ஒன்றும் புதுமையில்லை. மண் ஒருத்தனுக்கு, மரம் ஒருத்தனுக்கு, கிணற்றுத் தண்ணீர் மூன்றாமவனுக்கு என்று எழுதி வைப்பார்கள். அதனால் எல்லாருக்கும் எல்லாரோடும் ஏதாவது ஒரு தகராறு இருந்துகொண்டே இருக்கும்.

முதல் வருஷம், மரத்தின் நிழலில் தன் பார்லி விளையவில்லை என்று லோயிசோ நிழலுக்கு வாடகை கேட்டான். "நெழல வெட்டி நீயே வீட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்று இவள் காப்பிக்கடை வாசலில் பத்துப் பேர் பார்க்கச் சொன்னாள். அடுத்த வருஷம் அவன் அறுத்த கதிர்த்தாளைக் கொளுத்தும்போது தெற்குக் கிளை கருகியது. தெரியாமல் நடந்ததென்று அவன் சொன்னான், இவள் நம்பவில்லை. மூன்றாம் வருஷம் நிலத்தைச் சுற்றி முள்வேலி வந்தது. அதோடு பேச்சு நின்றது. அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு நாள், வேலியைக் கம்பால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவள் உள்ளே போய்த் தன் மரத்தை அடித்துவிட்டு வருவாள்.

கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. அங்கே அழைப்பு என்றால் மெழுகுவர்த்தி. அன்னெஸா, அதாவது லோயிசோவின் பெண்டாட்டி, சிவப்பு நாடா கட்டிய ஒன்றை ஆள் மூலம் அனுப்பியிருந்தாள். ரெவெக்கா அதை எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டுக்கு வந்ததோடு வைத்து அளந்து பார்த்தாள். இரண்டும் ஒரே நீளம். "நானும் எதிர்வீட்டுக்காரியும் அவளுக்கு ஒண்ணு" என்று அன்றைக்கு முழுக்கப் புலம்பினாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சரிவில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரெவெக்கா, அவள் புருஷன் ஹம்பி, பக்கத்து மரத்துக்காரி கிரிஸ்டல்லா. ரொட்டி, வெங்காயம், ஆலிவ், வாட்டிய ஹலூமிப் பாலாடைக் கட்டி, கிரிஸ்டல்லா கொண்டுவந்த தர்ப்பூசணி. குளவிகள் தர்ப்பூசணியை விடவில்லை. முழங்கை வரை ஒட்டியிருந்த செம்புழுதியை யாரும் கழுவவில்லை, எப்படியும் மறுபடி ஒட்டப்போகிறது.

"அத்தைக்காரி என்ன செய்யப்போறா?" என்றாள் கிரிஸ்டல்லா.

"இஸ்திரிப்பெட்டி. கரண்டுல ஓடுறது."

கிரிஸ்டல்லா ஆலிவ் கொட்டையைத் துப்பினாள். "மாப்பிள்ள ஊருல கரண்டு வந்துருச்சா?"

"வரலையா?"

"மலைக்கு அந்தப் பக்கம் சுரங்கத்துக்கு மட்டுந்தான் கரண்டு. வீட்டுக்கெல்லாம் மண்ணெண்ணெ வெளக்குதான். எங்க சின்ன மாமனாரு அங்கதான வேல பாத்தாரு. இஸ்திரிப்பெட்டிய அடுப்புல வச்சுச் சூடு பண்ணிக்குவா போல."

ஹம்பி சிரித்துவிட்டார். ரெவெக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

"சிரிக்கிறீங்களாக்கும். அதை வாங்கச் சொன்னதே நீங்கதான்."

"நான் எங்க சொன்னேன்? ஏதாவது ஒண்ணை வாங்கித் தொலைன்னுதான் சொன்னேன்."

"கொண்டுபோய்த்தான் குடேன்" என்றாள் கிரிஸ்டல்லா. "உங்க மதினி எல்லாத்தையும் விரிச்சு வச்சு ஊருக்குக் காட்டுவா. அத்தை செஞ்சது நல்லதா இருந்தா ஓரமா வைப்பா. சொத்தையா இருந்தா நடுவுல வைப்பா."

"அவ நடுவுலயும் வைக்க வேண்டாம், ஓரத்துலயும் வைக்க வேண்டாம். அவளுக்கா குடுக்கறேன்? பொண்ணுக்குக் குடுக்கறேன். அந்தப் பொண்ணு பொறந்தப்ப மொதல்ல கையில வாங்கினது நான். வருஷத்துக்கு ஒரு தடவ வேலிக்கு அந்தாண்ட நின்னு என்னப் பாத்துச் சிரிக்கும். அதுக்கு ஒரு அண்டாவும் இஸ்திரிப்பெட்டியுமா குடுத்து அனுப்பறது?"

"வேற என்ன குடுப்ப?"

ரெவெக்கா கையிலிருந்த ரொட்டியைக் கழுதைக்குப் போட்டுவிட்டு எழுந்துகொண்டாள். அன்று கட்டிய சாக்குகளில் இரண்டை வாய் சரியாகத் தைக்காமல் விட்டாள். பாதி வழியில் நெற்று கொட்டிக்கொண்டே வந்ததைக் கிரிஸ்டல்லாதான் பார்த்துச் சொன்னாள்.

சிந்தியதைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது ஹம்பி சொன்னார்: "அந்த மரத்தையே குடுத்துடேன்."

"எந்த மரத்தை?"

"எந்த மரமா? வருஷா வருஷம் முள்ளுல பாவாடையக் கிழிச்சுக்கிட்டுப் போறியே, அந்த மரத்தை. அண்ணன் மகளுக்கு அத்தையோட மரம். ஊரே வாயப் பொத்திக்கும். உங்க மதினிக்கு அதை எங்க வைக்கறதுன்னே தெரியாது."

ரெவெக்கா நிமிர்ந்து இடுப்பில் கையை ஊன்றினாள். "குடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு அந்த நிலத்துக்குப் போறது?"

"அதைத்தான் சொல்றேன். போக வேண்டாம். விட்டது சனியன்."

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். மரத்தைக் கொடுப்பது பெரிதில்லை. அவளுக்குச் சரிவில் இன்னும் பதினான்கு மரங்கள் உண்டு. அந்த வேலிக்குள் இனி காலே வைக்க வேண்டாம் என்பதுதான் இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று யாராவது கேட்டால் சொல்லவும் தெரியாது. போகிற நாளெல்லாம் சபித்துக்கொண்டேதான் போயிருக்கிறாள்.

புதன்கிழமை அந்த மரத்தின் முறை. வேலியைத் தூக்கி உள்ளே நுழைந்தார்கள். லோயிசோவும் அங்கேதான் இருந்தான். நாற்பது அடி தள்ளி வரப்போரத்து மரங்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றி ஏறிவிட்டது, மீசை நரைத்துவிட்டது. ரெவெக்கா அவன் இருப்பதைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டுக் கம்பை எடுத்தாள்.

கரோப் மரத்தை அடிப்பதற்கும் ஒரு நிதானம் வேண்டும். முதிர்ந்த நெற்று தொங்கும்போதே அதே கிளையில் அடுத்த வருஷத்துப் பூவும் வந்துவிடும். கம்பை ஓங்கி வீசினால் இரண்டு வருஷமும் சேர்ந்து தரைக்கு வரும். அன்றைக்கு அவளிடம் அந்த நிதானம் இல்லை. நாலைந்து வீச்சு போயிருக்கும், அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஹம்பி, உம்ம வீட்டம்மாகிட்டச் சொல்லும். வடக்குக் கிளையில பூ எடுத்திருக்கு. கம்பப் பாத்து வீசச் சொல்லும்."

"அவருகிட்டச் சொல்லுங்க" என்றாள் ரெவெக்கா, மரத்தைப் பார்த்தபடி. "என் மரத்துல எங்க பூ இருக்குன்னு எனக்குத் தெரியும். கெளையக் கொளுத்தினவங்க பூவப் பத்திப் பேச வேண்டாம்."

"தெரியாம நடந்ததுன்னு அப்பவே சொல்லியாச்சுன்னு சொல்லும்."

"தெரியாம நடந்ததுக்கு யாரும் அடுத்த வருஷமே வேலி போட மாட்டாங்கன்னு சொல்லுங்க."

இருவருக்கும் நடுவில் நின்ற ஹம்பி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "ரெண்டு பேருக்கும் கேட்டுச்சுல்ல? நான் போயித் தண்ணி குடிக்கிறேன்" என்று கழுதைப் பக்கம் போய்விட்டார்.

உச்சிப் பொழுதில் நோசியா வந்தாள். கல்யாணப் பெண் கறுத்துவிடக்கூடாது என்று ஒரு மாதமாக அன்னெஸா அவளை வெயிலில் விடவில்லை. கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றிக்கொண்டு, அப்பாவுக்குத் தண்ணீர்க் குடம் கொண்டுவந்தவள், அவனுக்குக் கொடுத்துவிட்டு நேரே அத்தையின் மரத்தடிக்கு நடந்தாள். லோயிசோ முதுகைத் திருப்பிக்கொண்டு சாக்கு தைத்தான்.

"என்னத்துக்கு இந்த வெயில்ல வந்த? ஒங்கம்மா என்னையச் சொல்லுவா."

"அம்மா பாத்திரம் எண்ணிக்கிட்டு இருக்காங்க. ஏழு அண்டா வந்திருக்கு அத்த. நாங்க ரெண்டே பேரு."

"புள்ளகுட்டி வந்தா வேணும்."

"ஏழு அண்டாவுக்கா?"

ரெவெக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்தில் சொல்லிவிட்டாள், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டாள். "நோசியா, இந்த மரத்த ஒனக்குக் குடுத்துரலாம்னு இருக்கேன்."

பெண் குதிப்பாள், கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். நோசியா குனிந்து ஒரு நெற்றை எடுத்து இரண்டாக ஒடித்தாள். தின்னவில்லை.

"அப்ப நீங்க?"

"எனக்கென்ன? பதினாலு மரம் வச்சிருக்கேன்."

"அதக் கேக்கல. நீங்க அப்புறம் இங்க வரமாட்டீங்கள்ல."

"வராட்டி ஒங்கப்பனுக்கு நிம்மதி."

"அப்பாவுக்கா? நீங்க என்னைக்கு இந்த மரத்துக்கு வர்றீங்கன்னு காப்பிக்கடையில விசாரிச்சுட்டுத்தான் அவரு இங்க வேலைக்கு வர்ற நாளையே வைப்பாரு. வருஷா வருஷம்."

"சண்ட போட ஆள் வேணும்ல" என்றாள் ரெவெக்கா. சொன்னாளே தவிர, அது அவள் காதுக்கே சரியாகப் படவில்லை.

நோசியா முகத்துணியை இறக்கிக்கொண்டாள். "எனக்கு இந்த மரம் வேணும் அத்த. வேண்டாம்னு பொய் சொல்ல மாட்டேன். நான் போற எடத்துல சுரங்கக் கம்பெனி வீடு. அதனால பொண்ணுக்குக் கட்டிக் குடுக்கற வீட்ட அப்பா எனக்கு இங்க கட்டல, பணமாக் குடுத்துட்டாரு. நெலம் அண்ணனுக்கு. அவன் லண்டன்ல இருக்கான். அம்மா அப்பா இருக்கற வரைக்கும் சரி. அப்புறம் அவனாக் கூப்புட்டாத்தான் நான் இந்த ஊருக்கு வரணும். கூப்புடலேன்னா அவ்வளவுதான். மரம்னு ஒண்ணு இருந்தா யாரையும் கேக்க வேண்டாம். நீங்க வர்றீங்களே அந்த மாதிரி வந்துரலாம். சின்னப் புள்ளையில இருந்து பாக்கறேன். அம்மா ஏசுவாங்க, அப்பா மொறைப்பாரு, நீங்க பாட்டுக்கு வேலியத் தூக்கிட்டு உள்ள வருவீங்க. எனக்கு அதப் பாக்க எவ்வளவு பிடிக்கும் தெரியுமா?"

ரெவெக்கா கம்பை மரத்தில் சாய்த்து வைத்தாள்.

"ஆனா உங்ககிட்ட இருந்து வாங்கிக்கிட்டா, உங்கள யாரு கூப்புடுவா அத்த? அம்மாவா?"

நாற்பது அடி தள்ளி லோயிசோ எதற்கோ இருமினான். ரெவெக்கா அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். மண்ணை ஒருத்தனுக்கும் மரத்தை ஒருத்திக்கும் எழுதி இரண்டு பேரையும் முட்டவிட்டுப் போன கிழவர் என்று பதினோரு வருஷமாக அப்பாவை வாய் ஓயாமல் ஏசியிருக்கிறாள். பெற்ற மகள் பிறந்த மண்ணுக்கு யாரையும் கேட்காமல் வரட்டும் என்று ஒரு மனுஷன் நினைத்திருக்கலாம் என்பது இன்றைக்கு வரை அவளுக்குத் தோன்றவில்லை. இந்தப் பெண் சொல்லித்தான் தெரிகிறது. செத்துப்போனவரிடம் போய் இனி என்ன சொல்ல முடியும்?

"போ, போ. வெயில்ல நிக்காத" என்று அதட்டினாள். அழுதுவிடக்கூடாது என்பதற்காகத்தான் அதட்டினாள். நோசியாவுக்கும் அது தெரிந்திருக்கும்.

அன்றும் மறுநாளும் ரெவெக்கா இருந்த இடத்தில் இருக்கவில்லை. மரத்தைக் கொடுத்தால் தனக்கு வழி அடைபடும். கொடுக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு வழியே இல்லை. இஸ்திரிப்பெட்டியை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள், மறுபடி கட்டினாள். கூடத்தைக் கூட்டினாள், கூட்டியதையே கூட்டினாள். ஹம்பி ஒன்று கேட்டால் வேறொன்று சொன்னாள். "ஒரு கல்யாணத்துக்கு மொய் வைக்கறதுக்கு இந்தப் பாடா?" என்று அவர் காப்பிக்கடைக்குக் கிளம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளே முக்தாரைத் தேடிப் போனாள். முக்தார் யாக்கோவி ஊர்த்தலைவர், எழுத்துவேலை எல்லாம் அவர் கையில். திராட்சைப் பந்தலுக்குக் கீழே யாருக்கு எத்தனை சாக்கு என்று சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"ஒரு மரத்தைப் பாதியா எழுதிக் குடுக்கலாமா?"

"பாதியென்ன, எட்டுல ஒண்ணுன்னுகூட எழுதலாம்" என்றார் யாக்கோவி. "கோயிலுக்குப் பின்னால நிக்கிற ஆலிவ் மரத்துக்குப் பதினாறு பங்காளி. எண்ணெ பிரிக்கற அன்னைக்குக் கரண்டியோட வந்து நிப்பானுங்க. எதுக்குக் கேக்கற?"

"நோசியாவுக்குப் பாதி. மீதி எனக்கே இருக்கட்டும்."

யாக்கோவி பேனாவை வைத்தார். "கல்யாணத்துக்கா? ரெவெக்கா, குடுக்கறதா இருந்தா முழுசாக் குடு. இல்லேன்னா ஒரு செம்பு அண்டாவக் குடு. பாதி மரம் குடுத்தான்னு தெரிஞ்சா கஞ்சப்பிசினாறின்னு ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அண்டா ஏழு இருக்காம்."

"லோயிசோ கையெழுத்து வேணும். நெலம் அவனோடது. அவனுக்குத் தெரிஞ்சு எழுதினதுன்னு இருக்கணும், இல்லேன்னா நாளைக்கு நிக்காது."

"நீங்க வாங்கிக் குடுங்க. நான் கேக்க மாட்டேன்."

"ஞாயித்துக்கெழம அங்கதான வரப்போறேன். கல்யாணத்து அன்னைக்கு மாட்டேன்னு சொல்ற மனுஷன் உண்டா?"

"அவன் சொல்லுவான்" என்றாள் ரெவெக்கா.

சொன்னபிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. அவன் மாட்டேன் என்றால் ஊர் பார்க்க அவள் கையில் ஒரு வெற்றுக் காகிதம் நிற்கும். அதுகூடப் போகட்டும். அந்தப் பெண் ஏழு அண்டாவோடு பஸ் ஏறிவிடும், அப்புறம் கூப்பிட்டால்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை லோயிசோ வீட்டு முற்றத்தில் கோதுமையும் ஆட்டுக்கறியும் வேகிற ரெசி வாசனை தெருமுனை வரை வந்தது. மூன்று பெரிய அண்டாக்களில் ஆண்கள் முறை வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெரிய கூடத்தில் பெண்கள் கல்யாண மெத்தை தைத்தார்கள். ஒருத்தி வயலின்காரனிடம் இன்னும் கொஞ்சம் வேகமாக வாசி என்றாள். வந்தவர்கள் ஆளாளுக்குக் கொண்டுவந்ததைச் சுவரோரம் வைத்தார்கள். விரிப்புகள், செம்பு, கண்ணாடிக் கோப்பைகள். ரெவெக்கா பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசற்படியில் கால் வைத்தாள். கையில் ஒரு சாமானும் இல்லாததை அன்னெஸா வாசலிலேயே பார்த்துவிட்டாள்.

"வாங்க மதினி. கைய வீசிக்கிட்டு வந்திருக்கீங்க. பாரமா இருந்ததாக்கும்?"

"பாரந்தான். அதான் தோட்டத்துலயே விட்டுட்டு வந்தேன்" என்றாள் ரெவெக்கா.

முக்தார் அவளுக்குப் பின்னால் வந்து காகிதத்தைப் பிரித்தார். வயலின் நின்றது. அவர் கோயில் அறிவிப்பு வாசிக்கிற குரலில் வாசித்தார்: இன்ன நிலத்தில் நிற்கிற கரோப் மரத்தில் சரிபாதியை ரெவெக்கா தன் அண்ணன் மகளுக்குக் கல்யாணத்தன்று மனமொப்பிக் கொடுக்கிறாள்.

பெண்கள் ஊசியை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"அரை மரமா?" என்றாள் அன்னெஸா. "எந்த அரை மதினி? கருகின பக்கமா?"

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். மெத்தை தைத்த கிரிஸ்டல்லாகூடத் தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா வெளியூர்க்காரி, அவளுக்குச் சிரிக்கக் காரணம் தெரியவில்லை. அவள் நிஜமாகவே கேட்டாள்: "ஒரு மரத்துல பாதிய மட்டும் எப்படிம்மா அடிப்பீங்க?"

"அடிக்க முடியாது சம்பந்தியம்மா" என்றாள் ரெவெக்கா. "ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்து நிக்கணும். உங்க மருமக வராம நான் கம்பு தொடமாட்டேன். நான் வராம அவ தொட முடியாது. வருஷத்துக்கு ஒரு நாளு நீங்க அவள அனுப்பித்தான் ஆகணும். அவ சொத்து இங்க நிக்குது. அதை யாரும் வேண்டாம்னு சொல்ல முடியாது."

அந்த அம்மாள் யோசித்துவிட்டு, "நியாயந்தான்" என்றாள். சிரிப்பு அடங்கிவிட்டது. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் வெள்ளை உடுப்பில் நோசியா நிற்பது தெரிந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

லோயிசோவை முற்றத்திலிருந்து கூப்பிட்டார்கள். ரெசி கிண்டிய வேர்வையோடு வந்தான். முக்தார் காகிதத்தைக் கொடுத்தார். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தான். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"இதுல கையெழுத்துப் போட முடியாது" என்றான்.

அன்னெஸா பெருமூச்சு விட்டாள். முக்தார், "கல்யாண நாளு லோயிசோ" என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு. மரம் எழுதியிருக்கு, பங்கு எழுதியிருக்கு. மரத்துக்கு எப்படிப் போறதுன்னு எழுதல."

"வேலி நீ போட்டதுதான?"

"நான்தான் போட்டேன். நான் எடுத்துருவேன். நாளைக்கு நானில்லேன்னா? எம்மவன் லண்டன்காரன், வித்துட்டுப் போவான். வாங்கறவன் கம்பிவேலி போடுவான். அப்ப எம்மக வெளிய நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போகணுமா? ரோட்டுல இருந்து மரம் வரைக்கும் வழி உண்டுன்னு எழுதும். என் நெலத்துல, என் சம்மதத்தோட."

"என்னங்க, என்ன பேசுறீங்க? நல்ல பார்லி வெளையற மண்ணு" என்றாள் அன்னெஸா.

"வெளையல. அங்க நெழலு."

முக்தார் ஜன்னல் கட்டையில் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். "வழி யாருக்குன்னு போடட்டும்? நோசியாவுக்கா?"

"மரத்துக்காரங்களுக்கு."

"மரத்துக்காரங்கன்னா இப்ப ரெண்டு பேரு."

"எனக்கு எண்ணத் தெரியும்."

அவன் தங்கையைப் பார்க்கவில்லை. முக்தாரின் பேனா முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ரெவெக்காவும் அவனைப் பார்க்காமல் அந்தப் பேனாவையே பார்த்தாள்.

"அகலம் சொல்லு. அகலம் போடாத வழி வழக்காயிரும்" என்றார் முக்தார். "எல்லா எடத்துலயும் போடற மாதிரி, மூட்டையோட ஒரு கழுத போறாப்புல போட்டுரவா?"

வெளியே ரெசி அடிப்பிடிக்கிறது என்று யாரோ கத்தினார்கள். லோயிசோ அசையவில்லை.

"ரெண்டு கழுதன்னு போடும்" என்றான். "ஒண்ணு பின்னால ஒண்ணு வேண்டாம். பக்கத்துல பக்கத்துல. அத்தையும் மருமகளும் பேசிக்கிட்டு வரட்டும்."

முக்தார் எழுதினார். லோயிசோ கீழே தன் பெயரை எழுதி, ஊதிக் காயவைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் முற்றத்துக்குப் போய்விட்டான். ரெவெக்கா பக்கத்தில் கிடந்த மெத்தையில் அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கல்யாண மெத்தையில் மணமக்களுக்கு முன்னால் யாரும் உட்காரக்கூடாது. அன்னெஸாகூட அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை.